கற்பனை நாட்டுக்கு எல்லை வகுப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கற்பனைக்கு எல்லை இல்லை என்பார்கள். ஆனால் கற்பனையில் ஒரு நாட்டைப் படைத்துவிட்டால் அதற்கு எல்லை வேண்டும். அந்த எல்லையை எங்கே போடுவது என்பதுதான் சென்ற ஆண்டு எனக்கு ஏற்பட்ட சிக்கல்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி எங்கள் கையெழுத்து இதழுக்காக ஒரு தொடர்கதை எழுதத் தொடங்கினாள். ஒன்பது நாடுகள், அவற்றுக்கிடையே ஓயாத போர், காணாமற்போன ஓர் இளவரசி. கதையோடு ஒரு வரைபடமும் இருந்தால் நன்றாயிருக்கும் என்றாள். வடிவியல் படங்களைச் சுத்தமாகப் போடுவேன் என்ற ஒரே தகுதியால் அந்த வேலை என்னிடம் வந்தது. செட்டியார்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வரைந்தேன். ஒன்பது நாடுகளுக்கு ஒன்பது நிறங்கள். ஒவ்வொன்றின் நட்ட நடுவிலும் ஒரு நட்சத்திரம், அதுதான் தலைநகரம். எல்லைகளை அடிமட்டம் வைத்து நேராக இழுத்திருந்தேன்.

விசைத்தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்த அப்பா படத்தைப் பார்த்தார். அவர் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஏ தாயி, இந்த ஆறு எங்கிட்டிருந்து வருது?” என்று கேட்டார்.

நான் அந்த ஆற்றை ஒரு கடலில் தொடங்கி மற்றொரு கடலில் முடித்திருந்தேன்.

“சரி, இந்த நடுவுல இருக்கிற ஊர்க்காரன் உப்புக்கு எங்க போவான்?”

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அந்தப் படத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகு நான்கு முறை திருத்தி வரைந்தேன். அந்த நான்கு முறையும் நான் கற்றுக்கொண்டதை இங்கே நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மலை, பிறகு ஆறு

அரசியல் வரைபடம் போட உட்காருகிறவர் முதலில் எல்லைக் கோட்டைப் போடக்கூடாது. முதலில் மலை, அடுத்து மழை, அடுத்து ஆறு, அதன் பிறகு ஊர். கோடு கடைசியில்தான் வரவேண்டும்.

இதற்கு நாம் வெளியூர் போகவேண்டியதில்லை. நம் கல்லூரிக்கு வரும் பேருந்தில் மேற்குப் பக்கமாக உட்கார்ந்தாலே போதும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து, மழையின் பெரும்பகுதியை அந்தப் பக்கமே பெய்யவைக்கிறது. அதனால் மேற்கே குறுகிய, வேகமான ஆறுகள் பல. கிழக்கே நம் பக்கம் மழைமறைவுப் பகுதி. ஓடைநீரைத் தேக்கிவைக்கும் கண்மாய்கள் பல. ஒரே மலை, ஆனால் இரு பக்கத்திலும் இரு வேறு வாழ்க்கை. கதையில் ஒரு மலையை வரைந்தால் இந்த வேற்றுமையையும் சேர்த்தே வரையவேண்டும்.

ஆறு உயரத்திலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். அரபிக்கடலுக்கு வெகு அருகில் குடகு மலையில் பிறக்கும் காவிரி, தென்னிந்தியாவைக் குறுக்கே கடந்து வங்கக் கடலில் சேர்வதும் நிலத்தின் சரிவினால்தான். போகும் வழியில் துணையாறுகள் வந்து கூடும். பிரிவது பெரும்பாலும் கடலை நெருங்கிய சமவெளியில்தான். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவது போல. என் முதல் படத்தில் ஆறுகள் மலையடிவாரத்திலேயே மரக்கிளைபோலப் பிரிந்து கிடந்தன!

நாட்டின் நடுவே எது?

ஆறுகளெல்லாம் நாடுகளின் எல்லை என்று நான் முதலில் எண்ணினேன். நம் பழைய வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. சோழநாடு காவிரியைச் சுற்றி வளர்ந்தது. பாண்டியநாடு வைகையையும் பொருநையையும் சுற்றி வளர்ந்தது. பெரிய ஆறு நாட்டின் உயிர். அது நடுவில் இருந்தது. எல்லை என்பது பெரும்பாலும் இரண்டு ஆற்று வெளிகளுக்கு இடையே மக்கள் குறைவாக வாழ்ந்த பகுதியில் அமைந்தது. புதுக்கோட்டைப் பக்கம் ஓடும் தென்வெள்ளாறு சோழநாட்டுக்கும் பாண்டியநாட்டுக்கும் எல்லையாகச் சொல்லப்படுகிறது. அது காவிரியைப் போன்ற பேராறு அன்று.

தலைநகரமும் நடுவில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பாண்டியரின் கொற்கை பொருநை கடலில் சேரும் இடத்துத் துறைமுகம். இன்றைய சென்னை நம் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. ஆங்கிலேய வணிகர்கள் 1639இல் கடற்கரையில் இடம் பெற்று அமைத்த கோட்டையைச் சுற்றி அந்நகரம் வளர்ந்தது. பின்னர் பெரியதொரு மாகாணத்துக்குத் தலைநகரானது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபின் அது மூலைக்குப் போய்விட்டது. நகரம் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. ஆகவே கதையில் ஒரு தலைநகரம் எல்லையோரமாக இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கவேண்டும்.

மலையைத் தாண்டிய ஆட்சி

மலைமுகட்டை எல்லையாக வைத்தால் சிக்கல் தீர்ந்தது என்று இரண்டாவது படத்தில் நினைத்தேன். அதுவும் முழு உண்மையன்று. செங்கோட்டை மலைக்குக் கிழக்கே, நம் பக்கத்தில் இருக்கும் ஊர். ஆனால் 1956 அக்டோபர் முடிய அது மலைக்கு மேற்கே இருந்த திருவிதாங்கூரையும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையைக் கடக்க முடியும் என்பதே காரணத்தை விளக்கிவிடும். கணவாயைக் கையில் வைத்திருப்பவர் அதன் இரு வாயையும் கையில் வைத்திருக்க விரும்புவார். அந்த வழியில்தான் வணிகம் நடக்கும், சுங்கம் கிடைக்கும், படையும் வரும். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதியும் கன்னியாகுமரிப் பகுதியும் தமிழகத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன.

தண்ணீரோ எந்த எல்லைக்கும் கட்டுப்படுவதில்லை. மேற்கே ஓடிய பெரியாற்று நீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பினார்கள். 1886இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் சென்னை மாகாண அரசுக்கும் ஏற்பட்ட குத்தகை 999 ஆண்டுகளுக்கானது. பென்னிகுவிக் கட்டிய அணை 1895இல் பயனுக்கு வந்தது. அந்த அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. மன்னரும் மாகாணமும் மறைந்தபின்னும் ஒரு பழைய ஒப்பந்தம் வாழ்வதைக் கவனியுங்கள். என் தோழியின் கதையில் ஒன்பது நாடுகளும் இளவரசிக்காகச் சண்டையிட்டன. மூன்றாவது படத்தை வரைந்தபின் அவற்றில் இரண்டு நாடுகள் ஓர் அணைக்காகச் சண்டையிட்டன. கதை முன்னைவிட நன்றாக வந்தது என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

கப்பம் கட்டும் நாடுகள்

ஒரு நாட்டுக்கு ஒரே நிறம் தீட்டுவது இக்காலப் பழக்கம். அரசர் காலத்து நாட்டுக்கு அது பொருந்தாது. மதுரை நாயக்கர் ஆட்சியில், பதினாறாம் நூற்றாண்டில், விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது வழிவழிச் செய்தி. எங்கள் ஊருக்கு அருகில் உள்ள சேத்தூர், சிவகிரி, கொல்லங்கொண்டான் எல்லாம் பாளையங்களாக இருந்தவையே. பாளையக்காரர் மேலிருந்த அரசருக்குக் கப்பம் கட்டினார். போர் வந்தால் படை அனுப்பினார். தம் பாளையத்துக்குள் வரி வாங்கினார், காவல் புரிந்தார், வழக்குத் தீர்த்தார். மேலே இருப்பவர் கை தளர்ந்தால் கப்பத்தை நிறுத்தினார். அப்படியானால் சேத்தூருக்கு மதுரையின் நிறத்தைத் தீட்டுவதா, தனி நிறமா? மதுரையின் நிறத்தையே வெளிறலாகத் தீட்டி, சுற்றிலும் மெல்லிய கோடு போடுவதே பொருத்தம் என்று எனக்குப் பட்டது.

எல்லைகள் மாறுவதையும் மறக்கக்கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதற்குப் போனது. 1985இல் காமராசர் மாவட்டமாயிற்று. இன்று விருதுநகர் மாவட்டம். 2019இல் சிவகிரி தென்காசி மாவட்டத்துக்குச் சென்றது. என் தாத்தா ஒரு மாவட்டத்தில் பிறந்தார், நான் வேறு மாவட்டத்தில் பிறந்தேன். ஆனால் இருவரும் பிறந்தது ஒரே வீட்டில்! எனவே கற்பனை வரைபடத்தின் மூலையில் “இன்ன ஆண்டு நிலவரம்” என்று எழுதிவைப்பது நல்லது.

எத்தனை நிறம் வேண்டும்?

இங்கே என் பாடத்துக்கு வருகிறேன். ஒன்பது நாட்டுக்கு ஒன்பது நிறம் தேவையா? 1852இல் பிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் இங்கிலாந்தின் கோட்டங்களைக் காட்டும் வரைபடத்துக்கு நிறம் தீட்டும்போது, பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் ஒரே நிறமாகாமல் இருக்க நான்கு நிறங்களே போதும் என்று கண்டார். எந்த வரைபடத்துக்கும் அது உண்மையா என்ற கேள்வி கணித மேதைகளை 124 ஆண்டுகள் வாட்டியது. 1976இல் அப்பெலும் ஹேக்கனும் கணிப்பொறியின் துணையால் அதை மெய்ப்பித்தனர்.

மூன்று நிறம் ஏன் போதாது என்பதை நாமே பார்க்கலாம். ஒரு நாட்டைச் சுற்றி வளையமாக ஐந்து நாடுகள் இருக்கட்டும். வளையத்தில் இரு நிறங்களை மாற்றி மாற்றித் தீட்டினால் ஐந்தாவது நாடு முதல் நாட்டோடு மோதும். அதற்கு மூன்றாவது நிறம் வேண்டும். நடுவில் உள்ள நாட்டுக்கு நான்காவது.

ஆனால் இந்தத் தேற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு நாடும் ஒரே துண்டாக இருக்கவேண்டும். உண்மை உலகம் இந்த நிபந்தனையை மதிப்பதில்லை. புதுச்சேரியைப் பாருங்கள். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகத்தின் அருகில், மாகி கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் வந்து கரையோரமாக வணிகத் தலங்கள் அமைத்ததன் சுவடு அது. துண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம்தான் தீட்டவேண்டும் என்றால் நான்கு நிறம் போதாமலும் போகலாம். கதையில் கடற்கரை உள்ள நாடு இருந்தால், அதில் அயலார் துறைமுகத் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். படத்துக்கு உயிர் வந்துவிடும்.

படத்தில் இல்லாத வாய்க்கால்

நேர்கோட்டு எல்லை உலகில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நெடுந்தூரம் 49ஆம் அட்சக்கோடே எல்லை. அத்தகைய கோடுகள் பெரும்பாலும் தொலைவில் மேசைமீது போடப்பட்டவை. 1947 ஜூலையில் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்த ராட்கிளிப், பஞ்சாபையும் வங்கத்தையும் ஏறக்குறைய ஐந்தே வாரத்தில் பிரித்தார். கூச்பிகார்ப் பக்கம் வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகளும், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகளும் சிக்கிக் கிடந்தன. 2015இல் இரு நாடுகளும் அவற்றை மாற்றிக்கொள்ளும் வரை, அங்கே வாழ்ந்த 50,000க்கும் மேற்பட்ட மக்களுக்குப் பள்ளியும் மருத்துவமும் காவலும் சொந்த நாட்டிலிருந்து வந்து சேரவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வயல் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் நான் பிறந்ததிலிருந்து இருக்கும் ஒரே வரைபடம், எஃப்.எம்.பி. என்று சொல்கிற புல வரைபடத்தின் நகல்தான். கண்மாய்க்குக் கீழே எங்களுக்கு 60 சென்ட் நிலம் உண்டு. அதன் தெற்கு வரப்பை ஒட்டி ஒரு வாய்க்கால், தாத்தா காலத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்தது. பக்கத்து நிலம் கைமாறியபின் அதை மூடிவிட்டார்கள். அப்பா மனுக் கொடுத்தார். படத்தில் இல்லாத வாய்க்காலுக்குத் தாங்கள் என்ன செய்ய முடியும் என்று பதில் வந்தது. இரண்டு ஆண்டுகள் அலைந்தார். ஒரு போக நெல் கருகியது. அளவுக்கல் எந்தப் பனைமரத்தடியில் புதைந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்; ஆனால் அதைத் தாளில் போட்டுக் காட்ட அவருக்குத் தெரியாது.

நான்காவது படத்தில் ஒரு புதிய குறியீட்டைச் சேர்த்தேன். புள்ளிக்கோடு என்றால், அந்த எல்லையில் வழக்கு இன்னும் தீரவில்லை என்று பொருள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, “நம்ம வாய்க்காலையும் இப்பிடிப் போட்டுரலாமே தாயி” என்றார்.

1802இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, அதன்மேல் முக்கோணங்களாக அடுக்கிக்கொண்டே போய் இந்தியாவை அளக்கத் தொடங்கினார். அதே முக்கோணம் 60 சென்டுக்கும் போதும். இந்த விடுமுறையில் அப்பா டேப்பின் ஒரு நுனியையும் நான் மறு நுனியையும் பிடித்தோம். அளவுக்கல்லிலிருந்து தொடங்கி வயலை முக்கோணங்களாகப் பிரித்து, பக்கங்களை அளந்து, அளவுத்திட்டத்தோடு படம் வரைந்தேன். மூடிய வாய்க்கால் புள்ளிக்கோடாக இருக்கிறது. அதை இணைத்துப் புதிய மனு ஒன்று கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் தெரியவில்லை.

நண்பர்களே, நீங்களும் ஒரு கற்பனை நாட்டை வரைந்து பாருங்கள். தாளும் பென்சிலும் போதும். வரைந்து முடித்ததும், வீட்டில் நிலத்தையும் நீரையும் அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.