"பெட்டிங் இல்லடா, டிரேடிங்!" – கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

– இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்



ஐ.பி.எல். சீசன் வந்துவிட்டால் போதும், ஜோலார்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து நம்ம கிளாஸ் கடைசி பெஞ்சு வரை ஒரே வசனம்தான் காதில் விழுகிறது. "இது பெட்டிங் இல்லடா, டிரேடிங். மேட்ச்ல யாரு ஜெயிச்சாலும் நமக்கு லாபம்." சொல்கிறவர் யாரென்று விசாரித்தால், ஒரு சீனியருக்குத் தெரிந்த அண்ணன் என்பார்கள். அந்த அண்ணனை யாரும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

"சூது கெட்டது, போகாதே" என்று சொல்ல வீட்டில் அம்மா இருக்கிறார், வகுப்பில் சார் இருக்கிறார். நான் அதைச் சொல்ல வரவில்லை. "யாரு ஜெயிச்சாலும் லாபம்" என்பது முழுப் பொய்யும் இல்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. பொய் என்றால் நாமே சிரித்துவிட்டுப் போய்விடுவோம். பாதி உண்மை என்பதால்தான் கெட்டிக்காரப் பசங்களே மாட்டுகிறார்கள். அந்தப் பாதியை முதலில் ஒழுங்காகப் புரிந்துகொள்வோம். கணக்கு ஒன்றும் பெரிதில்லை, முதல் வருஷ மேத்ஸை விடச் சுலபம்.

பந்தயம் நடக்கும் விதம் பல. புக்கியிடம் கட்டினால் விலை சொல்கிறவரும் அவர், எதிர்ப்பக்கம் நிற்கிறவரும் அவரே. கிண்டி குதிரைப் பந்தயத்தில் இருந்த 'டோட்' வேறு மாதிரி. எல்லார் பணமும் ஒரே உண்டியலில் விழும். கிளப்பின் பங்கும் வரியும் கழித்து, மிச்சத்தை ஜெயித்த சீட்டுக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். எக்ஸ்சேஞ்ச் இவை இரண்டிலும் சேராது. 2000-ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே என்ற இருவர் நடத்தத் தொடங்கிய பெட்ஃபேர்தான் இதில் பேர்பெற்றது. அங்கே கம்பெனி பந்தயம் கட்டாது. நம்ம ஊர் கமிஷன் மண்டி மாதிரி, கட்டுகிற இருவரைச் சேர்த்துவைத்து, ஜெயித்தவரின் லாபத்தில் கமிஷன் எடுத்துக்கொள்ளும். நெடுங்காலம் அந்தக் கமிஷன் வழக்கமாக 5 சதவீதம்.

இதில் வேலை இரண்டுதான். ஒரு டீம் ஜெயிக்கும் என்று கட்டினால் 'பேக்'. ஜெயிக்காது என்று எதிர்த்துக் கட்டினால் 'லே', அதாவது அந்த நேரத்துக்கு நாமே புக்கி ஆகிவிடுகிறோம். வடக்கே இதையே லகாயி, காயி என்பார்கள்.

இப்போது கணக்கு. ஒரு டீமின் விலை 2.50 என்றால், 1000 ரூபாய் கட்டி அது ஜெயித்தால் நம் முதலோடு சேர்த்து 2500 வரும். லாபம் 1500, தோற்றால் நஷ்டம் 1000. நாம் 1000 ரூபாய்க்கு 2.50-ல் பேக் செய்கிறோம். இரண்டு ஓவரில் அந்த டீம் அடித்து நொறுக்க, விலை 2.00-க்கு இறங்குகிறது. உடனே 1250 ரூபாய்க்கு லே போடுகிறோம். டீம் ஜெயித்தால் பேக்கில் 1500 வரும், லேயில் 1250 போகும், மிச்சம் 250. தோற்றால் பேக்கில் 1000 போகும், லேயில் 1250 வரும், அப்போதும் 250. கமிஷன் போக 237 ரூபாய் 50 காசு. மேட்ச் முடிவு என்னவானாலும் அதே லாபம்!

அண்ணன் சொன்ன பாதி உண்மை இதுதான். நோட்டில் இதை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தபோது எனக்கே கொஞ்ச நேரம் தலை கிறுகிறுத்தது, உண்மையைச் சொல்கிறேன்.

மீதிப் பாதி எங்கே இருக்கிறது? விலை ஏறினால் என்ன ஆகும் என்பதில். கட்டிய அடுத்த பந்தில் முக்கியமான விக்கெட் விழுகிறது. விலை 4.00-க்குத் தாவுகிறது. "2.80 வந்ததும் வெளியே வந்துடுவேன்" என்று நினைத்திருக்கலாம். ஆனால் விக்கெட் விழுந்த நொடியில் மார்க்கெட்டை நிறுத்திவிடுவார்கள். திறக்கும்போது நேராக 4.00-ல்தான் நிற்கும். நடுவில் இறங்க ஸ்டேஷனே கிடையாது. இப்போது 625 ரூபாய்க்கு லே போட்டால், டீம் ஜெயித்தாலும் தோற்றாலும் நஷ்டம் 375. "யாரு ஜெயிச்சாலும் லாபம்" என்கிற அதே கருவி, யார் ஜெயித்தாலும் நஷ்டத்தையும் கொடுக்கும்.

இதை இன்னும் கொஞ்சம் கிளறினால் சுவாரசியமாக இருக்கிறது. 1-ஐ விலையால் வகுத்தால், மார்க்கெட் அந்த டீமுக்குக் கொடுக்கிற வாய்ப்பு கிடைக்கும். 2.50 என்றால் 40 சதவீதம். 2.00 என்றால் 50, 4.00 என்றால் 25. நமக்கு 10 புள்ளி ஏறியபோது 250 கிடைத்தது, 15 புள்ளி இறங்கியபோது 375 போனது. ஆக, புள்ளிக்கு 25 ரூபாய். கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்! டிரேடிங் என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்: வாய்ப்பு ஏறுமா இறங்குமா என்று கட்டுகிற இன்னொரு பந்தயம்.

சரி, 40 என்பது சரியான மதிப்புதான் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான பேர் சொந்தப் பணத்தைப் போட்டு முட்டி மோதி நிறுத்திய விலை, பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அங்கிருந்து 50-க்குப் போகலாம், அல்லது 25-க்கு விழலாம். சராசரி 40 ஆக இருக்க வேண்டுமென்றால், பத்துத் தடவையில் ஆறு தடவை 50-க்கும் நாலு தடவை 25-க்கும் போக வேண்டும். ஆறு தடவை 237.50 வீதம் வரவு 1425. நாலு தடவை 375 வீதம் செலவு 1500. பத்துத் தடவை ஆடி முடித்தால் கையைவிட்டுப் போனது 75 ரூபாய்.

இந்தப் பத்தியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள் நண்பர்களே. பத்தில் ஆறு தடவை ஜெயிக்கிறோம், ஆனாலும் நஷ்டம். ஆறு தடவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போடுகிறோம். நாலு தடவை போனை ஜேபியில் வைத்துக்கொண்டு பேசாமல் படுத்துவிடுகிறோம். குரூப்பைப் பார்க்கிறவனுக்கு ஊரே சம்பாதிக்கிற மாதிரிதான் தெரியும்.

இன்னொரு தந்திரமும் சொல்வார்கள். ஜெயிப்பது உறுதியான டீமை 1.02-ல் பேக் செய். 1000-க்கு 20 ரூபாய், அலுங்காமல் வரும் என்று. கமிஷனை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒரு தடவை தவறினால் அந்த 1000-ஐத் திரும்ப எடுக்க ஐம்பது தடவை ஜெயிக்க வேண்டும். 'உறுதி' என்பதற்கு நாம் எல்லாரும் விடிய விடியப் பேசிய ஒரு மேட்சே சாட்சி. 2024 ஜூன் 29, பார்படாஸில் டி-20 உலகக் கோப்பை பைனல். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் வேண்டும், கையில் 6 விக்கெட். நம்மில் எத்தனை பேர் டி.வி.யை அணைக்கப் போனோம்! இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது.

அப்படியானால் எக்ஸ்சேஞ்சில் ஜெயிக்கிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். மற்றவர்களை விட முன்னாடியே தெரிந்தவர்கள் ஜெயிக்கிறார்கள். நம்ம ஜங்ஷனில் மைக் அறிவிப்பு வருவதற்குள், பிளாட்பார ஓரத்தில் நின்று சிக்னலைப் பார்க்கிறவருக்கு வண்டி வருவது தெரிந்துவிடும் இல்லையா? அதே கதைதான். நாம் போனில் பார்க்கிற 'லைவ்', மைதானத்தில் நடந்து பல விநாடி கழித்து வருவது. மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த விநாடிகள் பணம். 2014 ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் நடந்தபோது, புள்ளி விழுந்த நொடியே வெளியே தகவல் அனுப்பினார் என்று ஒரு பிரிட்டிஷ் இளைஞரைப் போலீஸ் பிடித்தது. பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். இது போதாதென்று நொடிக்குள் கட்டிவிட்டு வெளியேறும் கம்ப்யூட்டர் புரோகிராம்கள் வேறு. வராந்தாவில் ஒரு ஜி.பி. டேட்டாவை நாலு பேர் பங்கு போட்டு மேட்ச் பார்க்கிற நாம், எதிர்ப்பக்கத்தில் யார் என்று தெரியாமல் கட்டுகிறோம். 2008-ல் பெட்ஃபேர், தொடர்ந்து ஜெயிக்கிறவர்களுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் என்று கொண்டுவந்தது. வாடிக்கையாளர்களில் மிகச் சிறு பகுதியினரைத்தான் அது பாதிக்கும் என்றும் சொன்னது. தொடர்ந்து ஜெயிக்கிறவர்கள் எவ்வளவு பேர் என்பதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

'டிரேடிங்' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் வியாபாரம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பச்சைத் தோலை ஒருவர் விற்கிறார், ஒருவர் டிரம்மில் போட்டுப் பதனிடுகிறார், இன்னொருவர் ஷூ தைக்கிறார். ஒவ்வொரு கையிலும் பொருளுக்கு மதிப்பு கூடுகிறது, அதனால் விற்றவர், வாங்கியவர் இருவரும் லாபம் பார்க்க முடிகிறது. எக்ஸ்சேஞ்சில் எந்தப் பொருளும் கைமாறுவதில்லை. உனக்கு 250 வந்தால் அது இன்னொருவனிடமிருந்து வந்தது. நடுவில் கமிஷன்காரருக்கு மட்டும் தினமும் கூலி.

இவ்வளவும் நிஜமான எக்ஸ்சேஞ்சைப் பற்றி. நம்ம பக்கம் வாட்ஸ்ஆப்பிலும் டெலிகிராமிலும் கொடுக்கிற 'ஐ.டி.' அதுவே இல்லை. திரையில் பேக், லே என்று நீலமும் ரோஸுமாக அதே மாதிரி இருக்கும். பின்னால் இருப்பது ஏஜென்ட், அவருக்கு மேல் ஒரு ஏஜென்ட், அவருக்கு மேல் ஒருவர். பணம் கம்பெனிக்குப் போகாது, ஏதோ ஒரு ஆளின் கணக்குக்கு ஜி.பே.யில் போகும், பதிலுக்குப் 'பாயின்ட்' வரும். நம் தோல்வியில் ஏஜென்ட்டுக்குப் பங்கு உண்டு. அப்புறம் நாம் ஜெயிக்க அவர் எப்படி விடுவார்? தொடர்ந்து ஜெயித்தால் ஐ.டி.யை முடக்கிவிடுவார், போலீசில் போய்ச் சொல்லவும் நமக்கு வாய் வராது. மகாதேவ் செயலி இந்த வகையில் பெரிதாகப் பேசப்பட்டது. துபாயிலிருந்து நடத்தப்படுவதாக அமலாக்கத் துறை வழக்குப் போட்டது. 2023 நவம்பரில் மத்திய அரசு அதையும் சேர்த்து 22 செயலி, தளங்களை முடக்கியது.

"கோர்ட்டே இதைத் திறமைன்னு சொல்லிடுச்சு" என்று ஒரு வாதம் உண்டு. 1996 ஜனவரியில் கே.ஆர். லக்ஷ்மணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் சொன்னது குதிரைப் பந்தயத்தைப் பற்றி. தமிழ்நாட்டில் அதை ஒழிக்க 1974-ல் கொண்டுவந்த சட்டத்தை ஒட்டிய வழக்கு அது. செல்போனில் கிரிக்கெட்டுக்குக் கட்டுவதற்கு அதில் இடமில்லை. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற தமிழ்நாட்டுச் சட்டப்படி, ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இடமில்லாமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தையே தடை செய்கிறது. அது ஆடுகிறவரை விட்டுவிட்டு, நடத்துகிறவர், விளம்பரம் செய்கிறவர், பணத்தைக் கைமாற்றிவிடுகிறவர் ஆகியோரைப் பிடிக்கிறது.

அந்தக் 'கைமாற்றிவிடுகிறவர்' என்ற இடத்தில்தான் நம்மில் சிலர் வந்து நிற்கிறார்கள். தோற்றுப் போய்க் கடன் ஏறியவனிடம் ஏஜென்ட் கேட்பது பணம் இல்லை. "உன் பேங்க் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, ஏ.டி.எம். கார்டு, சிம்மோட. மாசம் ஏதாவது தரேன்." ஒரு தடவையும் பந்தயம் கட்டாதவர்களிடம்கூடக் கேட்கிறார்கள். நம் எல்லாருக்கும் கணக்கு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் அதில்தானே வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் அப்படிக் கொடுத்தார். மூன்றாவது மாதம் கணக்கை முடக்கிவிட்டார்கள். வேறொரு மாநில சைபர் போலீசில் யாரோ கொடுத்த புகாரில், ஏமாற்றப்பட்ட பணம் இவர் கணக்கு வழியாகப் போயிருந்தது. முடக்கம் என்றால் பணம் உள்ளே வரும், வெளியே போகாது. அவருடைய அரசு உதவித்தொகை மாதா மாதம் பாஸ்புக்கில் ஏறுகிறது, எடுக்க முடியவில்லை. பரீட்சைக் கட்டணத்துக்கு அவர் அம்மா குழுவில் கடன் வாங்கினார். புகார் இருக்கிற ஊர் போலீஸ் சரி என்று சொல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் பேங்க் மேனேஜர். அந்த ஊருக்கு எழுதுவதென்றால் இந்தியிலா, இங்கிலீஷிலா என்று என்னிடம் கேட்டார். இருவரும் சேர்ந்து இங்கிலீஷில் எழுதினோம்.

யாராவது ஏற்கெனவே கணக்கைக் கொடுத்திருந்தால், முடங்கும் வரை காத்திருக்க வேண்டாம். பேங்க் கிளைக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்து கார்டை நிறுத்துங்கள், எழுதிக் கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்குங்கள், அந்த சிம்மை உங்கள் பெயரிலிருந்து துண்டியுங்கள். பணம் ஏமாந்தவர்கள் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் வழியிலேயே நிறுத்தப்பட வாய்ப்பு அதிகம். எழுத ஆள் வேண்டுமென்றால் மாலையில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு வகுப்புப் பக்கம் வாருங்கள். அந்த அண்ணனுக்கு எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது.