ஜன்னல் மாற்றும் முன்: பெர்மிட் யார் பெயரில்?

சான் ஹோசே, ஃப்ரீமான்ட், சன்னிவேல் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் கலிபோர்னிய ஊர்களில் 1950களிலிருந்து 70கள் வரை கட்டிய வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. ஒற்றைக் கண்ணாடி, அலுமினியச் சட்டம். குளிர்காலக் காலையில் உள்பக்கம் நீர் வழியும். கோடை மாலையில் அறை வேகும். வாங்கிய சில ஆண்டுகளில் ஜன்னல்களை மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலை வரும். விலை கேட்கக் கூப்பிட்டால் வருகிறவர்களில் ஒருவராவது இப்படிச் சொல்வார்: "பெர்மிட் எடுத்தால் நாளாகும், செலவும் கூடும். எடுக்காமலே முடித்துத் தருகிறேன், விலையில் குறைத்துக்கொள்கிறேன்."

அதற்குச் சரி என்று தலையாட்டினால் வீட்டுக்காரர் என்னென்ன உரிமைகளை இழக்கிறார் என்பது பலருக்கும் தெரிவதில்லை. தெரிந்தால் தலையாட்ட மாட்டார்கள்.

முதலில் விதி. கலிபோர்னிய நகரங்களில் ஜன்னலைச் சட்டத்தோடு மாற்றப் பொதுவாக நகராட்சியின் கட்டடத் துறையிடம் பெர்மிட் வாங்கவேண்டும். உடைந்த கண்ணாடியை மட்டும் மாற்றுவதற்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. திறப்பின் அளவு மாறாத நேர் மாற்றம் என்றால் பல நகரங்கள் இணையத்திலேயே தந்துவிடுகின்றன. திறப்பை அகலப்படுத்தினால் கதை வேறு. மேலே பாரம் தாங்கும் கட்டையை மாற்றவேண்டியிருக்கும் என்பதால் வரைபடம் கேட்பார்கள். வேலை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டால்தான் பெர்மிட் முடிந்ததாகக் கணக்கு. ஜன்னலை விற்பதிலும் பொருத்துவதிலும் தனக்கு எந்த ஆதாயமும் இல்லாமல் வந்து பார்க்கிற ஒரே ஆள் அந்த இன்ஸ்பெக்டர்தான். அவருடைய வருகையைத்தான் விலைக்குறைப்பு என்ற பெயரில் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் சிலர் பெர்மிட் வேண்டாம் என்று சொல்வதில்லை. "நீங்களே உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள், வீட்டுக்காரருக்குச் சுலபமாகக் கிடைக்கும்" என்பார்கள். உதவி போலத் தெரியும் இந்தப் பேச்சில்தான் எனக்கு அதிகக் கவலை. வீட்டுக்காரர் தன் பெயரில் விண்ணப்பித்தால் 'ஓனர் பில்டர்' ஆகிறார். வேலையின் தரத்துக்கும் விதிமீறலுக்கும் நகராட்சியிடம் பதில் சொல்லவேண்டியவர் அவரே. வந்து வேலை செய்கிறவருக்கு உரிமம் இல்லையென்றால், சட்டத்தின் பார்வையில் வீட்டுக்காரர் முதலாளி, அவர் தொழிலாளி என்று ஆகிவிடக்கூடும். மாடி ஜன்னலுக்கு ஏணி போட்டு ஏறுகிறவர் விழுந்து முதுகு முறிந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் யார் தலையில் விழும் என்று யோசியுங்கள். பெர்மிட்டைக் கான்ட்ராக்டர் தன் உரிம எண்ணில் எடுக்கவேண்டும். ஒப்பந்தத்தில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அவருடைய உரிமம் செல்லுபடியாகிறதா என்று பார்க்கவேண்டிய நேரம் அது.

பார்ப்பது எளிது. மாநிலத்தின் கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு, சுருக்கமாக சிஎஸ்எல்பி, தன் இணையதளத்தில் ஒவ்வொரு உரிம எண்ணின் நிலையையும் காட்டுகிறது. உரிமம் நடப்பில் உள்ளதா, கண்ணாடி வேலைக்கான சி-17 போன்ற பொருத்தமான வகையா, 25,000 டாலர் பாண்டு இருக்கிறதா, தொழிலாளர் காப்பீடு உண்டா, எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். "சின்ன வேலைக்கு உரிமம் வேண்டியதில்லை" என்று சொல்பவர்களும் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலருக்குக் குறைவான வேலையை உரிமம் இல்லாதவர் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் அந்த வேலைக்குப் பெர்மிட் தேவைப்படக்கூடாது, அவர் வேறு ஆளை வைத்து வேலை வாங்கவும் கூடாது. பெர்மிட் தேவைப்படும் ஜன்னல் வேலை, ஒரே ஒரு ஜன்னலாக இருந்தாலும், இந்த விலக்குக்குள் வராது.

இனி இன்ஸ்பெக்டர் எதைப் பார்க்கிறார் என்பதற்கு வருவோம். மற்றவற்றையெல்லாம் விடப் படுக்கையறை ஜன்னல்தான் முக்கியம். நள்ளிரவில் கூடத்தில் தீப்பிடித்துப் புகை வாசலை அடைத்துவிட்டால், குழந்தை வெளியே வருவதற்கும் தீயணைப்பு வீரர் முதுகில் காற்று உருளையோடு உள்ளே நுழைவதற்கும் இருக்கிற ஒரே வழி அது. அதற்காகவே கட்டட விதி, முழுதாகத் திறந்த நிலையில் கிடைக்கும் இடைவெளி குறைந்தது 5.7 சதுர அடி இருக்கவேண்டும் என்கிறது. தரைத்தள ஜன்னலுக்கு 5 சதுர அடி போதும். அகலம் 20 அங்குலத்துக்கும் உயரம் 24 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. திறப்பின் அடிவிளிம்பு அறையின் தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. இந்த அளவுகளை ஒன்றாகவே படிக்கவேண்டும். 20 அங்குல அகலமும் 24 அங்குல உயரமும் மட்டும் இருந்தால் பரப்பு 3.3 சதுர அடிதான், அது தேறாது.

சிக்கல் எங்கே வருகிறது? கலிபோர்னிய வீடுகளின் வெளிச்சுவர் பெரும்பாலும் ஸ்டக்கோ பூச்சு. அதை உடைக்காமலிருக்கப் பழைய அலுமினியச் சட்டத்தைச் சுவரிலேயே விட்டு, அதற்குள் புது வினைல் ஜன்னலைச் செருகுவார்கள். 'ரெட்ரோஃபிட்' என்று இதைச் சொல்கிறார்கள். வேலை சுத்தம், விரைவு, செலவும் குறைவு. ஆனால் சட்டத்துக்குள் சட்டம் வைப்பதால் நான்கு பக்கமும் இடம் சுருங்குகிறது. 4 அடி அகலம், 3 அடி உயரத்தில் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிதான் திறக்கும் என்பதால் காகிதக் கணக்கில் 24 அங்குலத்துக்கு 36 அங்குலம், அதாவது 6 சதுர அடி. சட்டங்கள் அகலத்தில் 2 அங்குலமும் உயரத்தில் 3 அங்குலமும் தின்றுவிட்டால் மிச்சம் 5 சதுர அடியும் கொஞ்சமும்தான். தரைத்தளத்தில் தப்பிக்கும், மாடிப் படுக்கையறையில் விதிக்குக் கீழே போய்விடும். அதே திறப்பில் கதவுபோல வெளிப்பக்கம் திறக்கும் வகையை வைத்தால் இடைவெளி பெரிதாகும். பழைய திறப்பில் பொருந்தக்கூடிய மிகப்பெரிய அளவை, பழையபடியே அல்லது அதைவிட அகலமாகத் திறக்கும் வகையில் வைத்தால் ஏற்கலாம் என்று மாதிரிக் கட்டட விதியில் ஒரு சலுகையும் இருக்கிறது. உங்கள் நகரம் அதை எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்பதை, ஜன்னலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் கட்டடத் துறை கவுன்டரில் கேட்டுவிடுங்கள். உங்கள் அளவுக்கே செய்து வரும் ஜன்னலைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கண்ணாடியின் வகையையும் பார்ப்பார்கள். கதவுக்கு 24 அங்குலத்துக்குள்ளோ, குளியல் தொட்டியை ஒட்டியோ, தரைக்கு மிக அருகே பெரிய பலகையாகவோ வருமானால் டெம்பர்டு கண்ணாடி வேண்டும். மூலையில் அழியாத முத்திரை இருக்கும். வெப்பம் கடத்தும் அளவைக் குறிக்கும் என்எஃப்ஆர்சி ஸ்டிக்கரை இன்ஸ்பெக்டர் பார்க்கும்வரை உரிக்காதீர்கள். 2026 ஜனவரி 1 முதல் எரிசக்தி விதியின் புதிய பதிப்பு நடைமுறையில் இருப்பதால், கிடங்கில் கிடந்த பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார்களா என்பதை அந்த ஸ்டிக்கர் காட்டிக்கொடுக்கும். 1,000 டாலருக்கு மேற்பட்ட வேலைக்குப் பெர்மிட் எடுத்தால், ஒவ்வொரு படுக்கையறையிலும் அதற்கு வெளியிலும் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். பலர் இதற்குச் சலித்துக்கொள்கிறார்கள். பத்து ஆண்டு பழைய அலாரத்தைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிது மாட்டுவதற்கு இந்தக் கட்டாயம் காரணமானால் நல்லதுதான்.

1978க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயத்தைப் பற்றிப் பேசியாகவேண்டும். அந்த ஆண்டில்தான் வீட்டுப் பெயின்டில் ஈயம் கலப்பதை அமெரிக்கா தடை செய்தது. பழைய ஜன்னல் சட்டத்தைப் பெயர்க்கும்போது கிளம்பும் தூசி கண்ணுக்கே தெரியாமல் கம்பளத்திலும் தொட்டில் விளிம்பிலும் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஏற்பட்ட பாதிப்பைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. 2010 ஏப்ரல் 22 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசு விதிப்படி, பழைய வீட்டில் ஜன்னல் மாற்றும் நிறுவனம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சான்று பெற்றிருக்கவேண்டும். வேலை தொடங்கும் முன் ஈய ஆபத்து பற்றிய கையேட்டை உங்களிடம் தரவேண்டும். பிளாஸ்டிக் விரித்து அறையை அடைத்து, தூசி பரவாமல் வேலை செய்து, முடிந்ததும் முறைப்படி துடைக்கவேண்டும். சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சோதித்து ஈயம் இல்லை என்று தெரிந்தால் இந்தக் கட்டுப்பாடுகள் தேவையில்லை. சோதிக்காமல் "இங்கெல்லாம் ஈயம் இருக்காது" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் வேலை நாட்களில் அவர்களை வேறு வீட்டில் தங்கவைப்பது இன்னும் நல்லது.

பணத்துக்கு வருவோம். "ஜன்னல் உங்கள் அளவுக்குச் செய்து வரவேண்டும், பாதித் தொகை முன்பணம்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கலிபோர்னியச் சட்டப்படி வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தத்தில் முன்பணம் மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. 20,000 டாலர் ஒப்பந்தத்துக்கும் முன்பணம் 1,000தான். முழு ஒப்பந்தத்துக்கும் ஈடான சிறப்புப் பாண்டு வைத்திருக்கும் சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படியொன்று இருந்தால் ஒப்பந்தத்தில் குறிப்பிட்டிருப்பார்கள். அதற்குப் பிறகும் நடந்த வேலைக்கு மேற்பட்ட தொகையை வாங்கக்கூடாது. கடைசித் தவணை இன்ஸ்பெக்டர் ஒப்புதலுக்குப் பிறகுதான் என்று எழுதிக்கொண்டால், இன்ஸ்பெக்டரைக் கூப்பிடக் கான்ட்ராக்டரே ஓடுவார்.

வீட்டுக்கு வந்து விற்றவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் மனம் மாறினால், மூன்று வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ஐந்து வேலை நாட்கள். ரத்து செய்வதற்கான படிவத்தை ஒப்பந்தத்தோடு தருவது அவர்கள் கடமை. டேப்லெட்டில் விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், அதன் பிரதி உங்கள் கைக்கு வந்ததா என்று அன்றே பாருங்கள். ஜன்னலுக்கான மத்திய வருமானவரிச் சலுகை 2025 டிசம்பர் 31க்குப் பின் பொருத்தியவற்றுக்குக் கிடையாது. இன்னும் அதைச் சொல்லி விற்பவர் வேறு எதைச் சொன்னாலும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். "கையிலிருந்து காசு வேண்டாம், சொத்துவரியோடு கட்டிக்கொள்ளலாம்" என்று 'பேஸ்' கடனைக் காட்டுவோரும் உண்டு. அது வீட்டின் மீது ஏறுகிற கடன். அடமானக் கடனுக்கும் முன்னால் நிற்கும். கட்டத் தவறினால் வீட்டுக்கே ஆபத்து, விற்கவோ மறுநிதி பெறவோ போனாலும் தடையாகும்.

பணத்தை முழுதாகக் கட்டிய பிறகும் ஒரு வலி வரக்கூடும். கான்ட்ராக்டர் ஜன்னல் கம்பெனிக்குப் பணம் தரவில்லை என்றால், அந்தக் கம்பெனி உங்கள் வீட்டின்மீது 'மெக்கானிக்ஸ் லியன்' என்ற கடன் உரிமையைப் பதியலாம். 20 நாள் முன்னறிவிப்பு என்று தபாலில் ஒரு தாள் வந்தால் குப்பையில் போடாதீர்கள். யாருக்கெல்லாம் அந்த உரிமை இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்கிற தாள் அது. பணம் தரும்போது அந்தக் கம்பெனி கையெழுத்திட்ட லியன் விடுவிப்புப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டு உரிமையாளர் சங்கம் (எச்ஓஏ) உள்ள குடியிருப்பில் நகராட்சிப் பெர்மிட் மட்டும் போதாது. சங்கத்தின் ஒப்புதலும் தனியாக வேண்டும். அவர்கள் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்பது மாநிலச் சட்டம்.

வேலை கெட்டுப்போனால் போக இடமுண்டு. சிஎஸ்எல்பியில் புகார் செய்யலாம். பெர்மிட் எடுக்காததே உரிமத்தின் மீது நடவடிக்கைக்குப் போதுமான காரணம். ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் 12,500 டாலர் வரை கேட்கலாம். உரிமமே இல்லாதவர் செய்த வேலை என்றால் சட்டம் இன்னும் கடுமை. அவர் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது; நீங்கள் கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கேட்டு நீங்கள் வழக்குப் போடலாம். வேலை முடிந்து ஓராண்டுக்குள் போவது பாதுகாப்பு. ஒப்பந்தம், காசோலை, குறுஞ்செய்தி, வேலை நடந்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

ஏற்கெனவே பெர்மிட் இல்லாமல் மாற்றிவிட்டவர்கள் பயந்து மறைக்கவேண்டியதில்லை. நகராட்சிக்குப் போய், செய்து முடித்த வேலைக்குப் பெர்மிட் கேட்கலாம். பல நகரங்கள் இருமடங்கு கட்டணம் வாங்குகின்றன, ஜன்னலைச் சுற்றியுள்ள ஓரப்பட்டையைக் கழற்றிக் காட்டவும் சொல்லலாம். படுக்கையறை ஜன்னல் விதிக்குக் குறைவாக இருந்தால் அந்த ஒன்றை மாற்றவேண்டி வரும். வீட்டை விற்கும்போது தரவேண்டிய வெளிப்படுத்தல் படிவத்தில், பெர்மிட் இல்லாமல் செய்த மாற்றங்கள் உண்டா என்று நேரடிக் கேள்வி இருக்கிறது. அன்று விற்பனை நடைமுறை (எஸ்க்ரோ) ஓடிக்கொண்டிருக்கும்போது, வாங்குபவரின் ஏஜென்ட் விலையைக் குறைக்கச் சொல்லி நிற்கையில் ஆள் தேடி அலைவதைவிட, இந்த மாதமே கவுன்டருக்குப் போய் வருவது செலவும் குறைவு, அலைச்சலும் குறைவு.