மாணவரும் சேமிக்கும் எண்ணமும்

பல்கலைக்கழக மாணவரின் கையிற் பணம் தங்குவதில்லை என்பது பெற்றோர் பலகாலமாகக் கூறிவரும் குறை. ஊதாரித்தனமே இதற்குக் காரணமெனத் தீர்ப்புக் கூறுதல் எளிது. ஆயின், சேமிக்கவேண்டும் என்னும் எண்ணம் உள்ளத்தில் எவ்வாறு தோன்றுகின்றது என ஆராயுமிடத்து, அத்தீர்ப்பு முழுமையானதன்று என்பது புலனாகும்.

மக்கள் சேமிப்பதற்குரிய நோக்கங்களை ஆங்கிலப் பொருளியலறிஞர் கெயின்சு 1936ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எட்டாக வகுத்தார். எதிர்பாரா இடருக்கு அஞ்சுதலும், பிறர் கையை நோக்காது வாழ விரும்புதலும் அவற்றுட் சில. பின்னர், 1950களில் மொடிக்கிளியானி முதலியோர் வாழ்க்கை வட்டக் கொள்கையை வகுத்தனர். வருவாய் மிக்க நடுவயதிற் சேர்த்து முதுமையிற் செலவிடுதலும், வருவாயற்ற இளமையிற் கடன்படுதலும் மனிதர்க்கு இயல்பு என்பது அதன் சாரம். இதன்படி மாணவர் சேமியாமை குற்றமாகாது. எனினும், ஒரே அளவு பணம் பெறும் மாணவர் இருவருள் ஒருவர் சிறிதேனும் சேர்க்க, மற்றவர் சேராதிருத்தலைக் காணலாம். இவ்வேற்றுமைக்கு விடை பகர்வது உளவியல்.

உளவியலறிஞர் அய்சன் 1991ஆம் ஆண்டில் விரித்துரைத்த திட்டமிட்ட நடத்தைக் கொள்கை, ஒரு செயலைப் புரியும் எண்ணத்தை மூன்று காரணிகள் ஆக்குகின்றன என்கிறது. முதலாவது, அச்செயல் பற்றிய மனப்பான்மை. சேமிப்பைக் கஞ்சத்தனமெனக் கருதுவோன் அதனை நாடான். சுதந்திரத்தின் விலையெனக் கருதுவோன் நாடுவான். நாட்டு நிலையும் மனப்பான்மையை மாற்றவல்லது. 2022ஆம் ஆண்டு செத்தெம்பரிற் கொழும்பில் நுகர்வோர் விலைகள் முந்திய ஆண்டினும் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தன. வைப்பிலிட்ட பணத்தின் பெறுமதி கரைவதைக் கண்ட இளைஞர் சேமிப்பின் பயனை ஐயுறுதல் வியப்பன்று.

இரண்டாவது, வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு. தாய் மாதந்தோறும் சீட்டுக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் சேமிப்பு வீட்டு வழக்கம். சீட்டில் ஒருவர் தவறினால் ஏனையோர் பாதிக்கப்படுவர். அந்நாணமே ஒழுங்கைக் காக்கின்றது. விடுதி வாழ்விலோ இதே விசை எதிர்த்திசையில் இழுப்பதுண்டு. நண்பர் விருந்துக்குப் பணம் கொடாதவன் கஞ்சன் எனப் பெயர்பெற அஞ்சுகின்றான்.

மூன்றாவது, தன்னால் இயலும் என்னும் நம்பிக்கை. மாணவரைப் பொறுத்தவரை இதனையே முதன்மையாகக் கொள்ளல் தகும். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசில் பலருக்கு ஊன்றுகோலாயுள்ளது. அதிலும் ஒரு பகுதியைத் தம்பி தங்கையர் படிப்புக்காக வீட்டுக்கு அனுப்பும் மாணவனிடம் சேமிப்பின் சிறப்பைச் சொற்பொழிவாற்றுவதாற் பயனில்லை. அவனிடம் குறைவது ஒழுக்கமன்று, வழியே. சிறுதொகையை அருகிலேயே ஏற்கும் நிலையங்கள் அவ்வழியைத் திறப்பன. இலங்கையில் 1885இல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கி இப்பணியையே ஆற்றிற்று; 1972இல் உருவான தேசிய சேமிப்பு வங்கியில் அது இணைந்தது. வரவுசெலவைக் குறித்துவைக்கும் பழக்கமும் இந்நம்பிக்கையை வளர்க்கும். எங்கே பணம் போகின்றது என்றறிந்தவனே அதனை நிறுத்தவும் அறிவான்.

எண்ணம் மட்டும் செயலாகிவிடாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மாத முடிவில் எஞ்சுவதைச் சேர்க்க நினைப்பவனுக்குப் பெரும்பாலும் எதுவும் எஞ்சுவதில்லை. பணம் கைக்கு வந்த அன்றே ஒரு சிறுபகுதியை வேறாக்கி வைப்பவனுக்கு ஒவ்வொரு நாளும் மனத்தோடு போராடவேண்டியதில்லை. தொகை சிறிதாயினும் பழக்கம் நிலைக்கும். வருவாய் வளருங்காலத்தில் அப்பழக்கமே பெருஞ்செல்வமாகும்.

ஆகவே, மாணவரைச் சேமிக்கச் செய்யவிரும்பும் பெற்றோரும் கல்வி நிலையங்களும் அறிவுரையோடு அமையலாகாது. தாமே முன்மாதிரியாய் நிற்றலும், கணக்கெழுதப் பயிற்றுதலும், சிறுதொகைக்கும் இடமளித்தலும் அவர்தம் கடன். இயலும் என்னும் நம்பிக்கை பிறந்தவிடத்தே எண்ணமும் பிறக்கும்.