ஸ்கேனர் மாறினாலும் புள்ளி மாறக் கூடாது

அரபுத்தமிழ்க் கிதாபுகள், மௌலிது ஏடுகள், பழைய நிக்காஹ் பதிவுப் புத்தகங்கள் இவற்றையெல்லாம் பூச்சி அரித்து முடிக்குமுன் படமாக்கி வைத்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் இது ஒரு மாதத்தில் முடிகிற வேலையல்ல. வருடக்கணக்கில் இழுபடும். இடையில் ஸ்கேனர் பழுதாகும், வேறொன்று வாங்குவோம். அப்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. “சேர், பழைய மெஷின்ல போட்ட அதே செட்டிங்தான் போட்டேன். ஏன் எழுத்தெல்லாம் மெலிஞ்சி வருது?” என்று எங்கள் ஊர் வாசிகசாலையில் உதவிக்கு வரும் மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு.

செட்டிங்கின் பெயர் ஒன்று என்பதற்காகப் படம் ஒன்றாக வராது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, வெளியே வரும் படத்தை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். நமது ஏடுகளில் விஷயமே புள்ளியில்தான் இருக்கிறது. பே, தே, ஸே மூன்றுக்கும் உடல் ஒன்று. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதுதான் வேறுபாடு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு எழுத்து அமைத்தபோதும் நம் முன்னோர் பெரும்பாலும் புள்ளிகளையே கூட்டினார்கள். தமிழ் அச்சிலும் அப்படித்தான்: ஒரு புள்ளி போனால் ‘மலர்’ என்பது ‘மலர’ ஆகிவிடும். ஏடு எழுதியவரின் கைப்பிழையால் பாடபேதம் வந்ததைப் படித்திருக்கிறோம். இனி ஸ்கேனரே பாடபேதம் செய்யும். மூல ஏடு அழிந்த பிறகு, அது எழுதியவர் விட்ட புள்ளியா, இயந்திரம் தின்ற புள்ளியா என்று எந்த ஆய்வாளராலும் சொல்ல முடியாது.

ஆகவே முதலில் பழைய ஃபைலையே விசாரிக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘ப்ரொப்பர்ட்டீஸ்’, அதில் ‘டீட்டெயில்ஸ்’ பார்த்தால் அகலம், உயரம், டிபிஐ, பிட் அளவு எல்லாம் தெரியும். பழைய ஸ்கேனரில் என்ன போட்டோம் என்ற ஞாபகத்தைவிட இது நம்பகமானது.

டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகளாகப் படம் பதிகிறது என்ற கணக்கு. 300 டிபிஐயில் ஒரு ஏ4 பக்கம் 2480 புள்ளி அகலமும் 3508 புள்ளி உயரமும் வர வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்களைக் கண்டு மயங்கக் கூடாது. லென்ஸ் உண்மையில் பார்க்கும் அளவு வேறு, மென்பொருள் இட்டு நிரப்பும் அளவு வேறு.

அடுத்தது நிறம். வெறும் கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்றில் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. சாம்பல் நிறத்தில் 256 படிகள். முழு நிறத்தில் புள்ளிக்கு 24 பிட். அதே ஏ4 பக்கம் சுருக்கப்படாமல் முறையே ஏறத்தாழ 1, 9, 26 மெகாபைட் இடம் பிடிக்கும். இடம் மிச்சம் என்று பலர் கறுப்பு வெள்ளைக்குப் போகிறார்கள். ஆபத்து அங்கேதான். எந்த அளவு மங்கலான மையைக் கறுப்பாக எடுப்பது என்று ஒரு எல்லைக்கோடு வைக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு ஒவ்வொரு கம்பனியும் தன் இஷ்டப்படி அளவுகோல் வைத்திருக்கிறது. ஒன்றில் நடு அளவு 0, இன்னொன்றில் 128. ஒன்றில் எண்ணைக் கூட்டினால் பக்கம் வெளுக்கும், இன்னொன்றில் கறுக்கும். பழைய எண்ணை அப்படியே புதியதில் போட்டால் எழுத்து மெலியாமல் என்ன செய்யும்?

இன்னும் மோசமானது, புதிய ஸ்கேனர்கள் நம்மைக் கேட்காமலே செய்யும் ‘உதவி’. அழுக்குப் புள்ளி நீக்கல், பின்னணி வெளுப்பாக்கல், ஓரம் வெட்டல், வெற்றுப் பக்கம் தவிர்த்தல் இவையெல்லாம் சில ஸ்கேனர்களில் முதலிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். காரியாலயக் கடிதத்துக்கு இவை சரி. ஆனால் அழுக்குப் புள்ளி எது, நூனின் புள்ளி எது என்று மெஷினுக்குத் தெரியுமா? ஒப்பிடத் தொடங்குமுன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

ஃபைல் வகையையும் கவனிக்க வேண்டும். ஜேபெக் ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் கொஞ்சம் இழக்கும். ஒரு மென்பொருளின் தரம் 80 மற்றதன் 80 அல்ல. கறுப்பு வெள்ளைக்கு ‘குரூப் 4’ சுருக்கத்துடன் டிஃப் வைத்தால் இழப்பில்லை. ‘ஜேபிக் 2’ என்ற முறையில் இழப்புடன் சுருக்கும் வகை, ஒன்றுபோலத் தோன்றும் வடிவங்களுக்கு ஒரே வடிவத்தைப் போட்டுவிடும். 2013 இல் ஜேர்மனியின் டேவிட் கிரீசல் என்ற கணினியியலாளர், ஸெரொக்ஸ் இயந்திரங்களில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் அறைகளின் அளவு எண்களே மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். 17.42, 21.11 இரண்டும் 14.13 ஆகியிருந்தன. பார்வைக்கு எழுத்து மிகத் தெளிவு. ஆனால் எண் பிழை. எண்ணுக்கே இப்படியென்றால் பேக்கும் தேக்கும் என்ன கதி?

செய்ய வேண்டியது இதுதான். பழைய ஸ்கேனரில் எடுத்த ஒரு பக்கத்தின் மூல ஏட்டையே தேடி எடுங்கள். மெல்லிய ஹரகத்தும், நெருங்கிய புள்ளிகளும், கறையும், முத்திரை மையும் உள்ள பக்கமாக இருக்கட்டும். அதைப் புதிய ஸ்கேனரில் எடுத்து, இரு படங்களையும் பக்கத்துப் பக்கமாக, ஒரே அளவுக்குப் பெருக்கி, ஒரு வரியின் புள்ளிகளை எண்ணுங்கள். மூல ஏட்டோடும் ஒத்துப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு செட்டிங் மட்டும் மாற்றுங்கள். பொருந்தியதும் அதை ஒரு பெயரில் சேமித்து, கொப்பியிலும் எழுதி வையுங்கள். தடித்த கிதாபானால் நடு மடிப்பையும் பாருங்கள். மெலிந்த உடலுள்ள ஸ்கேனர்கள் பலவற்றுக்குக் கண்ணாடியை விட்டு எழும்பிய எழுத்து தெளிவாகத் தெரியாது. அதற்கு எந்த செட்டிங்கும் மருந்தல்ல.

பழைய படமே தரக்குறைவாக இருந்தால்? அதற்காகப் புதியதைக் கீழே இறக்க வேண்டாம். மூலப் பிரதியை முழு நிறத்தில் அல்லது சாம்பலில் எடுத்து வையுங்கள். வாசிக்கக் கொடுக்கும் பிரதியை மட்டும் அதிலிருந்து பழைய வரிசைக்கு ஒப்பாக ஆக்கிக்கொள்ளலாம். சாம்பலிலிருந்து கறுப்பு வெள்ளை எடுக்கலாம். கறுப்பு வெள்ளையிலிருந்து சாம்பல் திரும்பி வராது.

கடைசியாக ஒன்று. எந்தப் பக்கத்தோடு ஸ்கேனர் மாறியது என்பதைப் பட்டியலில் திகதியோடு குறியுங்கள். பின்னால் வருபவர் ஒரு புள்ளியைக் காணாமல் தடுமாறும்போது, எழுதியவரைச் சந்தேகிக்குமுன் மெஷினைச் சந்தேகிக்க அந்த ஒரு வரி உதவும்.