நேரலைச் செய்தியில் எழுத்து மட்டும் ஏன் தாமதமாக வருகிறது?

பிபிசி நேரலையைச் சத்தமில்லாமல், பேச்சைக் கீழே காட்டும் எழுத்தை (சப்டைட்டிலை) மட்டும் படித்துப் பாருங்கள். வானிலை வரைபடம் லண்டனுக்கு வந்திருக்கும். எழுத்தோ இன்னும் ஸ்காட்லாந்து மழையிலேயே நிற்கும். காது கேளாதவருக்கு அந்த எழுத்துதான் குரல். அது ஏன் பின்தங்குகிறது?

பதிவுசெய்த நிகழ்ச்சிக்கு எழுத்தை முன்கூட்டியே தயாரித்துவிடலாம். நேரலையில் முடியாது. அங்கே பெரும்பாலும் நடுவில் ஒரு மனிதர் இருக்கிறார்.

தேர்தல் மேடையில் டெல்லித் தலைவரின் பேச்சைத் தமிழில் சொல்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு காதில் விழுந்த பிறகுதானே அவர் வாய் திறக்க முடியும்? நேரலையின் நடுவில் இருப்பவரும் அப்படித்தான். ஹெட்போனில் கேட்பதை ஏற்ற இறக்கமில்லாமல் மைக்கில் திரும்பச் சொல்கிறார். ‘கமா’, ‘ஃபுல் ஸ்டாப்’ என்று நிறுத்தற்குறிகளையும் வாயாலேயே சொல்கிறார்! பேசும் ஆள் மாறினால் எழுத்தின் நிறத்தையும் மாற்றுகிறார்.

அவர் குரலுக்குப் பழகிய மென்பொருள் அதை எழுத்தாக்குகிறது. ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களில் எது சரி என்று முடிவுசெய்ய, அடுத்த சொல் வரும்வரை அதுவும் காத்திருக்கும். எல்லாம் சேர்ந்து சில நொடிகள்.

படத்தையும் அதே சில நொடிகள் தாமதித்து அனுப்பினால் இரண்டும் சேர்ந்துவிடுமே என்கிறீர்களா? சேரும். தொழில்நுட்பம் அதற்குத் தடையில்லை. ஆனால் உடனுக்குடன் காட்டும் அவசரத்தை விட்டுக்கொடுக்க ஒளிபரப்பாளர்கள் தயங்குகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இணையத்தில் அதே நிகழ்ச்சியை மறுபடி ஏற்றும்போது வேலை இன்னும் சுலபம். எழுத்தைச் சில நொடிகள் முன்னே நகர்த்தினாலே பெருமளவு பொருந்திவிடும்.