விண்ணிலே ஒன்றரை மணி, மண்ணிலே?

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேரம்! ஏறி அமர்ந்தால் போதும், இறங்கிவிடலாம் என்கிறார்கள். கேட்கக் காது குளிர்கிறது. பொய்யுமல்ல அது. இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 525 கிலோ மீட்டர். மணிக்கு 500 கிலோ மீட்டர் வேகம் கொண்ட சிறு விமானமும், ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம் உட்பட, அந்தத் தொலைவை ஒன்றரை மணியில் முடித்துவிடும்.

ஆனால், நாம் கேட்கிறோம்: தென்காசிக்காரன் வாகைக்குளத்திலா குடியிருக்கிறான்?

விமானம் இறங்குமிடம் வாகைக்குளம். அங்கிருந்து பாளையங்கோட்டை, நெல்லை, ஆலங்குளம் கடந்து தென்காசி சேர ஏறத்தாழ 90 கிலோ மீட்டர். இரண்டு மணி நேரம்! 525 கிலோ மீட்டருக்கு ஒன்றரை மணி. 90 கிலோ மீட்டருக்கு இரண்டு மணி! விண்ணிலே மிச்சம் பிடித்ததை மண்ணிலே செலவழிக்கிறான். வேடிக்கையல்ல, வேதனை!

1992-இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டது. 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம். ஓடுபாதை நீண்டது, ஊருக்கு வரும் பாதை சுருங்கிற்றா?

மேற்கே திரும்புவோம். தென்காசிக்கு நேர்கோட்டில் மிக அருகிலுள்ள விமான நிலையம் தூத்துக்குடியுமல்ல, மதுரையுமல்ல, திருவனந்தபுரம்! எழுபது கிலோ மீட்டருக்குள்தான். ஆனால் இடையிலே நிற்கிறது மலை. குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் மேகம் அதை எளிதாகத் தாண்டுகிறது. மனிதனோ புளியரை வளைவுகளிலே, கனிமம் ஏற்றிய லாரிகளின் பின்னே ஊர்ந்து, ஆரியங்காவு, தென்மலை வழியாக நூறு கிலோ மீட்டருக்கு மேல் சுற்றுகிறான்.

யார் அவன்? உல்லாசப் பயணியா? அல்ல. கடையநல்லூரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வளைகுடா நாட்டுக்கு வேலைதேடிப் போகும் உழைப்பாளி! 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தது. எல்லை மாறிற்று, ஏழை விமானம் ஏறப்போகும் திசை மாறவில்லை.

வாகைக்குளத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் நேர்கோட்டுத் தொலைவு 125 கிலோ மீட்டர் அளவே. பொதிகை மலையைத் தாண்டிப் பறந்தால் அரைமணி! ஆனால் அந்த அரைமணியால் தென்காசிக்கு ஆவதென்ன? விமானம் மலையைத் தாண்டும். மலையடிவாரத்து மக்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்!

ஊருக்கு ஊர் விமான நிலையம் கேட்கவில்லை நாம். விமானம் வந்துசேரும் நேரத்தை ஒட்டி வாகைக்குளத்திலிருந்து தென்காசிக்குப் பேருந்து விடுங்கள். புளியரைச் சாலையிலே கனரக லாரிகளுக்கு நேரம் வகுத்து முறைப்படுத்துங்கள். 1904-இல் மலையைக் குடைந்து போட்ட செங்கோட்டை–புனலூர் இருப்புப்பாதை 2018-இல் அகலப்பாதையாகித் திறக்கப்பட்டதே, அதிலே விமானப் பயணிக்கு உதவும் நேரத்தில் இரயிலை ஓட்டுங்கள்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்துக்கு ஓர் எல்லைக்கோடு கிடைத்தது. மக்களுக்கு ஒரு வழி கிடைக்க வேண்டாமா? பயண நேரத்தை ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு அளக்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு அளந்து பாருங்கள். அந்தக் கணக்கிலே ஒன்றரை மணி என்று வரட்டும்; அன்று நாமும் சேர்ந்து கைதட்டுகிறோம்!