அப்பம்மாவும் விளையாட்டுப் பெட்டியும்

விளையாட்டுப் பெட்டி என்றவுடனே, பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்க வந்த சனியன் என்று வைகின்ற பெற்றோர் நம்மிடையே பலர் உளர். நாமும் நெடுங்காலம் அக்கட்சியிலேயே இருந்தோம் என்பதை ஒளிப்பானேன்?

ஆயினும் 2000ஆம் ஆண்டிலே 'பிளேஸ்டேசன் 2' டிவிடி தட்டுகளையும் ஓட்டும் ஆற்றலோடு வெளிவந்த நாள் தொட்டு, இப்பெட்டிகள் வீட்டுத் திரையரங்கின் உறுப்பாகிவிட்டன. பின்னர் 'டி.எல்.என்.ஏ.' என்னும் பொது நெறி வந்தது. அதன்படி, ஓர் அறையிலுள்ள கணினி நூலகம் போலப் படங்களைச் சேமித்து வைத்திருக்கும். கூடத்துப் பெட்டி வாசகனைப் போல வேண்டியதைக் கேட்டுப் பெறும். முழுப்படமும் வந்து சேரும்வரை காத்திராது, வரவரக் காட்டும்.

எமது இல்லத்திலும் இவ்வேற்பாடு உண்டு. கணினியிலே எம் தந்தையாரின் மணிவிழாப் படம் இருக்கிறது. அவர் காலமாகி ஆண்டுகள் 11 ஆகின்றன. 78 வயதுடைய எம் அன்னையார் அதனைப் பார்க்க விரும்பும்போதெல்லாம், பேரன் ரியூசன் முடிந்து வரும்வரை காத்திருப்பார். காரணம், பெட்டியோடு வந்த கைப்பிடி. இரு கைகளாலும் பற்றவேண்டிய அதன் விளிம்பிலே விசைகள் உள. மடியில் வைத்தால் விசை அமுங்கிப் படம் தலைதெறிக்க ஓடும். "தம்பி, அவர் சிரிக்கிற இடம் நிக்காமல் ஓடிப் போட்டுது" என்று ஒருநாள் அவர் மெல்லக் கூறியபோது எமக்கு வெட்கமாயிருந்தது.

மறுநாளே கடையிலிருந்து ஒரு பொது றிமோட் வாங்கி வந்து நீட்டினோம். பெட்டி அசையவில்லை.

மாணவர்கள் இதன் காரணத்தை அறிதல் நன்று. சாதாரண றிமோட் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரை, பெரும்பாலும் செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கவிட்டுக் கட்டளை அனுப்புகிறது. கைத்தொலைபேசிக் கமராவின் முன் பிடித்து அமுக்கினால், பல கமராக்களில் அவ்வொளி வெளிறிய ஊதாவாய்த் தெரியும். அது ஒளியாதலின், அதனை வாங்கப் பெட்டியிலே 'கண்' வேண்டும். 2005இல் வந்த 'எக்ஸ்பொக்ஸ் 360' அக்கண்ணை உடையது. 2006இல் வந்த 'பிளேஸ்டேசன் 3'க்கு அது கிடையாது. புளூடூத் என்னும் வானொலி அலையையே அது செவிமடுத்தது. ஆகவே அதற்கெனப் புளூடூத் றிமோட் தனியே விற்கப்பட்டது. கதிரை வாங்கி அலையாக மாற்றியனுப்பும் மொழிபெயர்ப்பாளன் போன்ற சிறு கருவிகளும் கடைகளுக்கு வந்தன. அலைக்கு ஒரு வசதி உண்டு: அலுமாரிக் கதவு மூடியிருந்தாலும் ஊடுருவிச் செல்லும்.

றிமோட்டின் பழங்கதையும் சுவையானதே. 1955இல் அமெரிக்காவில் செனித் நிறுவனம் ஒளிக்கற்றையால் இயங்கும் ஒன்றைச் செய்தது. வெயில் பட்டாலே தொலைக்காட்சி தானாக இயங்கிவிடுமாம்! அடுத்த ஆண்டில் ரொபேட் அட்லர் அமைத்த கருவிக்கு மின்கலமே வேண்டியதில்லை. உள்ளே சிறு சுத்தியல் அலுமினியக் கோலைத் தட்ட, எழும் கழியொலியே கட்டளையாயிற்று.

எமது இடருக்குத் தீர்வு கண்டவன் மகனே. படமும் ஒலியும் செல்லும் எச்.டி.எம்.ஐ. வடத்திலே கட்டளைக்கென ஒரு தனிக்கம்பி உண்டு. அது 13ஆம் முனையிற் சேர்வது. அதனால், தொலைக்காட்சியின் றிமோட்டுக்கே பெட்டியும் பணிந்து நடக்கும். இவ்வசதியை சொனி 'பிராவியா சிங்க்' என்றும், சம்சுங் 'எனிநெற் பிளஸ்' என்றும், எல்.ஜி. 'சிம்பிளிங்க்' என்றும் வெவ்வேறு பெயரால் அழைப்பதால் நம்மவர் கண்ணில் அது படுவதில்லை. தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலிலும், பெட்டியின் பட்டியலிலும் அதனை இயங்கச் செய்யவேண்டும். எல்லாப் பெட்டிகளும் எல்லாக் கட்டளைகளையும் ஏற்பதில்லையாயினும், எமது பெட்டி ஓட்டவும் நிறுத்தவும் இசைந்தது. ஒரு சதமும் செலவில்லை. வாங்கிய பொது றிமோட்டின் காசுதான் வீண்.

நிறுத்தும் பொத்தானை அன்னையார் தடவி அறியும்படி, பேர்த்தி தன் ஒட்டுப் பொட்டொன்றை அதன்மேல் ஒட்டிவிட்டாள். கடந்த வெள்ளியிரவு பத்து மணிக்குமேல் நீர் அருந்த எழுந்தபோது, கூடத்திலே ஒளி தெரிந்தது. ஒலி முற்றாகக் குறைக்கப்பட்டிருந்தது. திரையிலே எம் தந்தையார் மாலையோடு சிரித்தபடி நின்றார். அன்னையாரின் பெருவிரல் அப்பொட்டின் மேலிருந்தது. நாம் நீர் அருந்தாமலே திரும்பிவிட்டோம்.